மூட்டமா? மூட்டிய தீயா?

ஒரு பொருளுக்கு இடப்படும் பெயரிலேயே அதன்மேல் வழங்கவேண்டிய தீர்ப்பில் பாதி அடங்கிவிடுகிறது. கையூட்டுக்கு 'அன்பளிப்பு' என்று பெயரிட்டவுடன் வாங்கினவன் யோக்கியனாகி விடுகிறான். வட்டிக்கொள்ளைக்குக் 'கைமாற்று' என்று பெயரிட்டவுடன் கொடுத்தவன் உபகாரியாகி விடுகிறான். அவ்வாறே, சுமத்திராவிலும் போர்னியோவிலும் மனிதர் இட்ட தீயின் புகை கடல் கடந்து வந்து, நம் நகரங்களையும் தோட்டங்களையும் நாட்கணக்கில் மூடி, குழந்தைகளை இருமவைத்து, பள்ளிக்கூடங்களை அடைத்து, விமானங்களைத் தரையில் நிறுத்துகையில், அதற்குப் 'புகைமூட்டம்' என்று பெயர் சூட்டிவிட்டு நாம் அமைதி கொள்கிறோம்.

வானம் மூட்டம் போட்டிருக்கிறது என்றால், போட்டவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை, அது இயற்கை. தீயோ ஒருவர் மூட்டாமல் இவ்வளவு பெரிதாக, ஆண்டுதோறும், ஒரே பருவத்தில், ஒரே நிலங்களில் மூளுவதில்லை. ஆகவே முதலில் தீரவேண்டிய கேள்வி, இது மூட்டமா, மூட்டிய தீயா என்பதே. மூட்டமாயின் பொறுத்திருப்பது அறிவுடைமை. மூட்டிய தீயாயின் மூட்டியவரைத் தேடுவதே அறிவுடைமை. நெருப்பின்றிப் புகையாது என்று பாட்டிமார் சொன்ன பழமொழியைப் பிறர் வீட்டு வம்பு பேசுவதற்கு மாத்திரம் பயன்படுத்தி, நம் மூச்சை அடைக்கும் புகைக்குப் பயன்படுத்தாமல் விடுவது என்ன நியாயம்?

நடந்தவை சில

மறதி நம்மவர்க்கு எளிதில் வாய்க்கும் பொருளாதலின், நடந்தவற்றை ஆண்டு வாரியாக நினைவூட்டுவது அவசியமாகிறது.

1997ஆம் ஆண்டு செப்டம்பரில் சரவாக் மாநிலத்தில் அவசரநிலை பிரகடனம் செய்யப்பட்டது. தலைநகர் கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 839ஐத் தொட்டது. அக்குறியீட்டில் 100க்கு மேற்பட்டால் உடல்நலத்துக்குக் கேடு. 200க்கு மேற்பட்டால் பெருங்கேடு. 300க்கு மேற்பட்டால் அபாயம். இவ்வளவில் 839 என்றால் என்ன பொருள் என்பதை வாசகர்களே உணர்ந்துகொள்ளலாம். காரியாலயங்களும் பள்ளிகளும் கடைகளும் அடைபட்டன. அதே மாதம் 26ஆம் தேதி, புகை சூழ்ந்திருந்த மேடான் நகரருகே ஒரு விமானம் விழுந்து அதிலிருந்த 234 பேரும் மாண்டனர். விமான நிலையத்தார் இட்ட கட்டளையிலும் குழப்பம் இருந்ததெனினும், கண் தெரியாத வானம் அக்குழப்பத்தை யமனாக்கியது.

2005 ஆகஸ்டு 11இல் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. கோலசிலாங்கூர் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வியர்வை சிந்திய தோட்டங்கள் நிறைந்த வட்டாரம் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2013 ஜூன் 21இல் சிங்கப்பூரில் குறியீடு 401ஆக ஏறியது; கடைகளில் முகக்கவசம் தீர்ந்துபோயிற்று. இரண்டு நாள் கழித்து ஜொகூரைச் சேர்ந்த மூவாரில் அது 746 ஆயிற்று. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை வந்தது.

2015இல் நேர்ந்தது மிகப் பெரிது. இந்தோனேசியாவில் அவ்வாண்டு ஏறத்தாழ 26 லட்சம் எக்டேர் நிலம் எரிந்தது. செப்டம்பர் 25இல் சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும் மூடப்பட்டன. மலேசியாவிலும் பல மாநிலங்களில் பள்ளிகள் நாட்கணக்கில் மூடப்பட்டன. அக்டோபரில் நடக்கவிருந்த கோலாலம்பூர் நெடுந்தூர ஓட்டப்பந்தயம் கைவிடப்பட்டது. உலக வங்கி, இந்தோனேசியாவுக்கு மாத்திரம் நேர்ந்த நஷ்டத்தை 1,600 கோடி அமெரிக்க டாலர் என்று கணக்கிட்டது. 2004இன் ஆழிப்பேரலைக்குப் பின் ஆச்சே மாநிலத்தைத் திரும்பக் கட்டுவதற்கு ஆன செலவினும் இது இருமடங்குக்கு மேல் என்றும் அவ்வங்கி கூறிற்று. 2019 செப்டம்பரிலும் கதை திரும்பிற்று. மலேசியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் அடைபட்டன.

இவற்றைப் படித்த பின்னும் இதை 'மூட்டம்' என்று அழைப்பாருண்டோ?

தீ எங்கே, எதற்காக?

சுமத்திராவின் கீழ்க்கரையிலும் போர்னியோவின் தாழ்நிலங்களிலும், மலாய்க்காரர் 'காம்புட்' என்று கூறும் ஒருவகைச் சதுப்பு மண் உண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த இலையும் மரமும் வேரும் நீரில் மூழ்கி, முற்றிலும் அழுகாமல் அடுக்கடுக்காகப் படிந்து உண்டான மண் இது. நீர் நிற்கும் வரையில் இம்மண் எரிவதில்லை. இதில் செம்பனையோ காகிதமரமோ பயிரிட வேண்டுமாயின் முதலில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தல் வேண்டும். நீர் வடிந்ததும் நிலம் காய்ந்து விறகாகிறது. நிலத்தடியில் காய்ந்த விறகை அடுக்கிவைத்து அதன்மேல் குடியிருப்பதற்கு ஒப்பான நிலைமை அங்கே ஏற்பட்டுவிடுகிறது.

காட்டை அழிப்பதற்கு இயந்திரம் பிடித்தால் செலவு அதிகம். தீக்குச்சிக்குச் செலவு இல்லை. அன்றியும் புளிப்பு மிகுந்த அம்மண்ணில் சாம்பல் விழுந்தால் புளிப்புக் குறைந்து கன்று செழிக்கிறது. ஆகவே மழையற்ற மாதங்களில் தீ இடுகின்றனர். மேலே எரியும் தீ சில நாளில் அணைந்துபோனாலும், மண்ணுக்குள் புகுந்த தீ வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கிறது. கொழுந்துவிட்டு எரியும் தீயினும் கனலும் தீயே மிகுதியாகப் புகைவிடும் என்பதை அடுப்பூதிய தாய்மார் அறிவர். தென்மேற்குப் பருவக்காற்று அப்புகையை மலாக்கா நீரிணையின் குறுக்காக நம் பக்கம் தள்ளுகிறது. 1997இலும் 2015இலும் போலப் பசிபிக் கடல் வெதும்பி மழை தவறும் ஆண்டுகளில் கேடு பன்மடங்காகிறது.

மழை தவறுவது இயற்கை, மறுக்கவில்லை. ஆனால் வாய்க்கால் வெட்டியது இயற்கையன்று. தீக்குச்சி கிழித்ததும் இயற்கையன்று. 1990களின் நடுவில், சுகார்த்தோ ஆட்சியில், நடுப்போர்னியோவில் ஏறத்தாழ 10 லட்சம் எக்டேர் சதுப்பை நெல்வயலாக்குகிறோமென்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டினார்கள். நெல் விளையவில்லை, 1997இல் தீ விளைந்தது. அறிவாளிகள் எச்சரித்ததைக் கேளாமல் அதிகாரம் போட்ட திட்டத்தின் விலையைக் கூச்சிங் நகரத்துக் குழந்தையும் மூச்சினால் செலுத்தியது.

பழி யாருக்கு?

பழியைச் சுமத்துவதில் ஒரு தந்திரம் வழக்கமாக நடந்துவருகிறது. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் உள்ள கனவான்கள் 'இந்தோனேசியக் குடியானவன் கொளுத்துகிறான்' என்கின்றனர். அங்குள்ள அதிகாரிகள் 'உங்கள் நாட்டு முதல்போட்ட கம்பெனிகள் கொளுத்துகின்றன' என்கின்றனர். கம்பெனிகளோ 'எங்கள் எல்லைக்கு வெளியே எவனோ கொளுத்தியது உள்ளே பரவிற்று' என்கின்றன. மூவரும் மற்றவரைச் சுட்டிக் காட்டுகையில் எரிவது நிற்கவில்லை.

சிறு குடியானவரும் தீயிடுகின்றனர் என்பது உண்மை. நிலத்தை மலிவாக வளைத்துப்போட்டு விற்கும் தரகரும் தீயிடுகின்றனர் என்பதும் உண்மை. ஆனால் அச்சதுப்பைப் பெருவாய்க்கால் வெட்டி வடித்தது குடியானவனின் மண்வெட்டியன்று. அவன் விளைவித்த குலையை வாங்கும் ஆலை அவனுடையதன்று. அந்த எண்ணெயை விற்று வரும் லாபம் ஏறும் கணக்குப் புத்தகம் அவன் வீட்டில் இல்லை. 2019 செப்டம்பரில் இந்தோனேசிய அதிகாரிகள் முத்திரையிட்ட எரிந்த நிலங்களில் மலேசிய, சிங்கப்பூர்த் தொடர்புள்ள கம்பெனிகளின் நிலங்களும் இருந்தன. அக்கம்பெனிகள் குற்றத்தை மறுத்தன. மறுக்கட்டும், மறுக்க உரிமை உண்டு. விசாரிக்க நமக்கு உரிமை இல்லையா? லாபம் நீரிணையைக் கடந்து இக்கரைக்கு வரலாம், புகையும் கடந்து வரலாம், பொறுப்பு மாத்திரம் சுங்கச்சாவடியில் நின்றுவிட வேண்டுமா?

நம் கரையைப் பற்றியும் பேசவேண்டும். கிள்ளான் அருகே ஜொகான் செத்தியாவிலும், சரவாக்கில் மீரி அருகே கோலபாராமிலும் இதே சதுப்பு மண் எரிந்து நம்முடைய புகையாலேயே நம் ஊர்கள் மூடப்பட்டதுண்டு. திறந்தவெளியில் எரிப்பது மலேசியாவின் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தின்படி குற்றம். ஆயினும் கொல்லைப்புறத்தில் குப்பை கொளுத்தும் வழக்கம் நம் குடியிருப்புகளிலும் ஒழியவில்லை. அண்டை வீட்டான் தீயைக் கண்டிக்கும் வாய்க்குத் தன் வீட்டுத் தீயை அணைக்கும் கை துணையாயிருத்தல் வேண்டும்.

'ஒரு மாதம் பொறுக்கலாகாதா?'

2015இல் அந்நாட்டின் துணை அதிபராயிருந்த யூசுப் கல்லா, அண்டை நாட்டார் பதினொரு மாதம் எங்கள் காட்டின் நற்காற்றை அனுபவித்துவிட்டு ஒரு நன்றியும் சொல்லாமல், ஒரு மாதப் புகைக்குக் கூச்சலிடுகின்றனர் என்னும் கருத்துப்படப் பேசினார். கேட்போர் சிரித்துவிட்டுப் போகத்தக்க வாதமன்று இது. நம்மவரிலும் பலர் வேறு சொற்களில் இதையே சொல்லிக்கொண்டிருப்பதால் விடை கூறவேண்டியதாகிறது.

பதினொரு மாதம் ஒருவன் நம்மை அடிக்காமலிருந்தான் என்பது பன்னிரண்டாம் மாதம் அடிப்பதற்கு அனுமதிச்சீட்டாகுமா? மூச்சு என்பது மாதவாரியாகக் கணக்குப் பார்க்கும் சரக்கா? இப்புகையிலுள்ள நுண்துகள், மயிரிழையின் பருமனில் பல பங்கு சிறியதாயிருப்பதால் மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் அடிவரை சென்று, இரத்தத்திலும் கலந்துவிடுகிறது. ஈளை நோயாளிக்கும், இருதய நோயாளிக்கும், கருவுற்ற தாய்க்கும், பால்குடிக் குழந்தைக்கும் ஒரு மாதம் என்பது சிறிது காலமன்று. ஹார்வர்டு, கொலம்பியா பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர், 2015இன் புகையால் மூன்று நாடுகளிலும் 100,300 அகாலமரணங்கள் நேர்ந்திருக்கலாமென 2016இல் மதிப்பிட்டனர். அவற்றுள் இந்தோனேசியாவுக்கு 91,600, மலேசியாவுக்கு 6,500, சிங்கப்பூருக்கு 2,200. சர்க்கார்கள் அக்கணக்கை ஏற்கவில்லை. கணக்குப்பொறியால் செய்த மதிப்பீடு அது என்பதும் மெய்யே. அதில் பத்தில் ஒரு பங்கே உண்மையென்று வைத்துக்கொண்டாலும், பதினாயிரம் பிணங்களுக்கு எவரேனும் பதில் சொல்ல வேண்டாமா?

அம்மதிப்பீட்டில் இன்னொரு பாடமும் உண்டு. பத்தில் ஒன்பது பங்குச் சாவு இந்தோனேசிய மக்களுடையது. 2015 அக்டோபரில் பாலங்காராயா நகரில் குறியீடு 1,900ஐத் தாண்டியது, வானமே மஞ்சளாயிற்று. அந்நாட்டில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மூச்சுக்கோளாறால் வருந்தினர். நமக்கு வருவது அவர்கள் குடித்த நஞ்சின் மிச்சம். ஆகையால் இந்தோனேசியன் என்று இனத்தைச் சுட்டி ஏசுவது அறிவீனம். ரியாவு, ஜாம்பி ஏழையும் கிள்ளான் ஏழையும் ஒரே புகையில் இருமுகின்றனர். அவர்கள் ஒரே கட்சியினர்.

ஒப்பந்தத்தின் யோக்கியதை

தென்கிழக்காசிய நாடுகள் 2002 ஜூன் 10இல் கோலாலம்பூரில் கூடி, எல்லை கடந்த புகையைத் தடுக்க ஒப்பந்தம் செய்தன. 2003 நவம்பரில் அது அமுலுக்கு வந்தது. ஆனால் தீ எரியும் நாடான இந்தோனேசியா அதை அங்கீகரித்தது 2014இல்தான். பன்னிரண்டு ஆண்டுகள் மணமகன் இல்லாத கல்யாணம் நடந்தது என்க. ஒப்பந்தத்தை மீறினால் தண்டனை என்ன? ஒன்றுமில்லை, கூடிப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டுமாம்.

சிங்கப்பூர் 2014இல் தனிச்சட்டம் இயற்றிற்று. அந்நிய மண்ணில் எரித்து இங்கே புகைவிடும் கம்பெனிக்கு நாளொன்றுக்கு 100,000 வெள்ளி, மொத்தத்தில் 20 லட்சம் வெள்ளி வரை அபராதம் விதிக்க அச்சட்டம் இடங்கொடுக்கிறது. இது மெச்சத்தக்க துணிவு. ஆயினும் எரிந்த நிலம் யாருடையது என்னும் நிலப்படம் வேறொரு நாட்டுக் காரியாலயத்தில் பூட்டிக் கிடக்கும் வரையில், சட்டத்தின் கை நீண்டும் பிடி தளர்ந்ததாகவே இருக்கும். மலேசியாவில் இத்தகைய சட்டம் வேண்டுமென்ற பேச்சு 2019இல் எழுந்தது. புகை கலைந்தது, பேச்சும் கலைந்தது.

மேலும் ஒரு வெட்கக்கேட்டை நாம் மறக்கலாகாது. 2005 ஆகஸ்டுக்கு முன் சில ஆண்டுகள், மலேசியாவில் குறியீட்டு எண்களைப் பொதுஜனங்களுக்கு வெளியிடாமல் மறைத்து வைத்திருந்தார்கள். வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் அஞ்சி ஓடிவிடுவர் என்பது காரணம். விருந்தாளி ஓடிவிடுவான் என்று வீட்டிலுள்ளவனுக்குத் தீப்பற்றியதைச் சொல்லாமல் விட்ட கதை இது. கிள்ளானில் எண் 500ஐத் தாண்டிய பிறகே கதவு திறந்தது.

பாலும் நுரையீரலும்

இனி நம் தொழிலாளர் நிலைமைக்கு வருவோம். புகை வரும்போது பள்ளிகள் மூடப்படுகின்றன, சரி. பணக்காரர் சன்னல்களைச் சாத்திக் குளிரூட்டிய அறைக்குள் இருக்கின்றனர்; அதுவும் சரி. செம்பனைக் குலை வெட்டுவோரும், தெருக் கூட்டுவோரும், சாலை போடுவோரும், சிங்கப்பூரில் அடுக்குமாடி எழுப்பும் தமிழகத்து வாலிபர்களும் எந்த அறைக்குள் இருப்பர்? 2015 செப்டம்பரில் சிங்கப்பூர்ப் பள்ளிகள் அடைபட்ட அன்று கட்டடவேலையை முற்றும் நிறுத்தும்படி பொதுக்கட்டளை ஒன்றும் பிறக்கவில்லை. நிலைமையைப் பார்த்து வேலையைக் குறையுங்கள், முகக்கவசம் கொடுங்கள் என்று முதலாளிகளுக்கு ஆலோசனை கூறப்பட்டது. மகனுக்குக் கட்டளை, தகப்பனுக்கு ஆலோசனை. மகனின் நுரையீரலும் தகப்பனின் நுரையீரலும் வெவ்வேறு பொருளால் ஆனவையோ?

பால்மரக் காலத்தில் மழை பெய்தால் வெட்டு நிற்கும். ஏன்? மழைநீர் கலந்து பால் கெட்டுவிடும். புகை வந்தால் வேலை நிற்பதில்லை. ஏன்? கெடுவது நுரையீரல். பால் கம்பெனியின் சொத்து. நுரையீரல் தொழிலாளியின் சொத்து. இந்த ஒரு கணக்கை விளங்கிக்கொண்டவர்க்குத் தோட்டப் பொருளாதாரம் முழுவதும் விளங்கிவிடும். மழைக்கு வேலை நின்ற நாளிலும் கூலி இல்லையென்பதே வழக்கமாயிருந்ததால், புகைக்கு வேலை நிற்கவேண்டுமென்று கேட்கவும் தொழிலாளி அஞ்சுகிறான். இருமிக்கொண்டு உண்பதா, இருமாமல் பட்டினி கிடப்பதா என்னும் இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளச் சொல்வது சுதந்திரமாகுமா?

மழை வரட்டும் என்பார்க்கு

'எல்லாம் காலத்தின் கோளாறு. மழை ஒன்று பெய்தால் தீரும். வேண்டிக்கொள்வோம்' என்பாரும் நம்மிடையே பலர். வேண்டுகிறவர் வேண்டட்டும். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டுகிறோம். தீயிட்டவனுக்கும் அதே மழைதான் வேண்டியிருக்கிறது. தீ தன் வேலையை முடித்த பின், சாம்பலில் கன்று நடுவதற்கு அவன் மழையை எதிர்பார்த்துக் காத்திருக்கிறான். மழை வந்ததும் நமக்கு மறதி வருகிறது. அவனுக்குத் தோட்டம் வருகிறது. ஆகவே மழையை மாத்திரம் நம்பியிருப்பவன், தான் அறியாமலே தீயிட்டவனோடு சேர்ந்து வேண்டுகிறான். புகை நீங்க யாகம் வளர்ப்போம் என்பாரும் உளராயின், புகைக்குப் புகை மருந்தாகுமா என்று ஒரு கேள்வி கேட்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

வேண்டுவன

வாய்ச்சொல்லோடு நில்லாது, செய்யத்தக்கவற்றையும் கூறுகிறோம்.

முதலாவது, மலேசியச் சர்க்கார் தன் நாட்டுக் கம்பெனிகள் எங்கு நிலம் வைத்திருந்தாலும், அங்கு எரித்து இங்கு புகைவிட்டால் தண்டிக்கும் சட்டத்தை இயற்றவேண்டும். அந்நிலங்களின் எல்லைப்படத்தைக் கம்பெனிகளே வெளியிடும்படி கட்டாயப்படுத்தவேண்டும்.

இரண்டாவது, பள்ளியை மூடும் எண் எதுவோ அதே எண்ணில் வெளிவேலையும் நிற்கவேண்டும். அந்நாளுக்குரிய கூலி குறையாமல் கொடுக்கப்படவேண்டும். தொழிற்சங்கங்கள் கூலி ஒப்பந்தத்தில் இதை ஒரு ஷரத்தாகச் சேர்க்கப் போராடவேண்டும். போனசுக்குக் குரல் கொடுக்கும் சங்கம் மூச்சுக்குக் குரல் கொடுக்க வெட்கப்படலாகாது.

மூன்றாவது, நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசத்தைத் தோட்டத்திலும் தொழிலாளர் விடுதியிலும் இலவசமாக வழங்கவேண்டும். சாதாரணத் துணியைக் கட்டிக்கொள்வது மன ஆறுதலேயன்றிப் பாதுகாப்பன்று. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் காற்றை வடிகட்டிய ஓர் அறையேனும் இருக்கவேண்டும். குறியீட்டு எண்ணும் அதன் பொருளும் தமிழில், பெரட்டுக் களத்தில், நாள்தோறும் எழுதிவைக்கப்படவேண்டும்.

நான்காவது, நம் சங்கங்களும் வாசகசாலைகளும் புகை வரும் மாதத்தில் மாத்திரம் விழித்துக்கொள்ளாமல், வானம் தெளிந்திருக்கும் மாதங்களிலேயே தீர்மானம் நிறைவேற்றிப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பவேண்டும். தீயை மழைக்காலத்தில் தடுப்பதே எளிது. வாய்க்காலை அடைத்துச் சதுப்பை ஈரமாக வைப்பதும், சட்டத்தை எழுதி நிறைவேற்றுவதும் நல்ல காற்று வீசும் நாட்களில் செய்யவேண்டிய காரியங்கள்.

தோழர்களே! காடு வெட்டிச் சுட்ட நிலத்தில் கன்று நட்டு இந்நாட்டை வாழவைத்த பரம்பரையினர் நாம். சாம்பலின் மேல் யார் லாபம் வளர்கிறது, யார் உடல் தேய்கிறது என்பதை நமக்கு எவரும் புத்தகம் கொண்டு கற்பிக்க வேண்டியதில்லை. அடுத்த முறை வானம் சாம்பல் நிறமாகும்போது, 'இன்றைக்கு மூட்டமாயிருக்கிறது' என்று எவரேனும் சொன்னால், 'மூட்டியவர் யார்?' என்று திருப்பிக் கேளுங்கள். தோட்டத்து லயத்திலும், நகரத்துக் காப்பிக்கடையிலும், சட்டசபைப் படியிலும் அக்கேள்வி எழட்டும். விடை வரும் வரையில் கேள்வி ஓயலாகாது.